ராட்டினத்தில் நாமும் ஏறுவோம், பார்த்து ஏறுவோம்

(கூட்டமைப்பின் ஆண்டுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



கூட்டம் என்றாலே சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை என்றுதான் பேசுவோம். இன்றைக்கு ராட்டினத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். சிரிக்காதீங்க அக்கா. இதில் நம்ம உரிமையும் இருக்கு, நம்ம பிள்ளைகளின் உயிரும் இருக்கு.

சித்திரைத் தேருக்கு ஸ்ரீரங்கம் போகிறோம். பூச்சொரிதலுக்குச் சமயபுரம் போகிறோம். ஆடிப் பதினெட்டுக்கு அம்மா மண்டபம் படித்துறைக்குப் போகிறோம். நம்ம ஊர்த் திருவிழாவுக்கும் லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு ராட்டினக்காரர்கள் வந்து இறங்குகிறார்கள். நாலு தொட்டில் கட்டி, ஆள் கையால் தள்ளிச் சுற்றுகிற பழைய மர ராட்டினத்தை நம்மில் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். மரக்குதிரை தொங்குகிற குடை ராட்டினத்தையும் பார்த்திருப்பீர்கள். இப்போது மோட்டாரில் ஓடுகிற பெரிய ரங்க ராட்டினம் வருகிறது.

இதில் யார் ஏறுகிறார்கள்? பிள்ளைகள் ஏறுவார்கள். அவங்க அப்பா ஏறுவார், மாமா ஏறுவார். நாம் என்ன செய்வோம்? எல்லோர் செருப்பையும், பையையும், தண்ணீர் பாட்டிலையும், கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு கீழே நின்று அண்ணாந்து பார்ப்போம். ஏன் ஏறவில்லை என்று குழுக்களில் கேட்டால், "இந்த வயசுல எதுக்கு மேடம்", "ஊர்க்காரங்க பார்த்தா என்ன சொல்வாங்க" என்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள். வங்கி மேலாளர் முன்னால் உட்கார்ந்து கடன் கேட்கிறோம். கிராம சபையில் எழுந்து நின்று தண்ணீர் கேட்கிறோம். பத்து நிமிஷம் நமக்காகச் சந்தோஷமாக இருக்க மட்டும் கூச்சப்படலாமா? உழைக்கிறவளுக்கு ஓய்வும் உரிமைதான்.

அதனால் ஒவ்வொரு குழுவும் வருஷத்துக்கு ஒரு நாள் வெளியே போகலாம். தூரம் போக வேண்டாம். காலையில் பெருமாள் சேவை. பிறகு மேலூரில் 2015இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. சாயங்காலம் முக்கொம்பு. அங்கே காவிரி இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை காவிரியாகவும், இன்னொன்று கொள்ளிடமாகவும் போகிறது. இரண்டுக்கும் நடுவில்தான் ஸ்ரீரங்கம் தீவு இருக்கிறது. முக்கொம்பில் ஆற்றோரத் தோட்டமும் குழந்தைகள் பூங்காவும் உண்டு. குடும்பத்தோடு சோறு கட்டிக்கொண்டு போய் உட்காரலாம். கிளம்பும் முன் பூங்காக்கள் திறந்திருக்கும் நாளை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

செலவுக்குக் குழுச் சேமிப்பில் கை வைக்க வேண்டாம். ஒரு ஆள் மாதம் 20 ரூபாய் தனியாகப் போட்டால், 20 பேருக்கு வருஷத்தில் 4,800 ரூபாய் சேரும். அதற்குத் தனிக் கணக்கு எழுதித் தீர்மான நோட்டில் பதிவு செய்யுங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஏறுவோம் என்று சொன்னோம். கண்ணை மூடிக்கொண்டு ஏறுவோம் என்று சொல்லவில்லை.

"பழைய ராட்டினம், அதான் பயம்" என்கிறார்கள் சிலர். பழசு என்பதாலேயே ஆபத்து வந்துவிடாது. ஆஸ்திரியா நாட்டின் வியன்னா நகரத்தில் 1897இல் கட்டிய ராட்டினம் இன்றைக்கும் ஓடுகிறது. அதன் உயரம் 200 அடிக்கு மேல். 1944இல் போர்க்காலத்தில் அது எரிந்துபோனது. 1947இல் மறுபடி ஓட்டியபோது, பாரம் குறையட்டும் என்று 30 பெட்டியில் 15 பெட்டியைத்தான் மாட்டினார்கள். இன்றைக்கும் அதே 15தான். பாதி வருமானம் போனாலும் பரவாயில்லை, சக்கரம் தாங்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். டென்மார்க் நாட்டில் கோபன்ஹேகன் பூங்காவில் 1914இல் செய்த மர ரயில் இருக்கிறது. மேடும் பள்ளமுமாக ஓடும். அதில் ஒவ்வொரு ரயிலிலும் பிரேக் போட ஒரு ஆள் கூடவே உட்கார்ந்து போகிறார்.

புதுசு என்றால் பயமில்லை என்பதும் தப்பு. 2016 மே மாதம் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு பூங்காவில் புதிய ராட்டினத்தைச் சோதித்துப் பார்க்கும்போதே அது உடைந்து, ஊழியர் ஒருவர் இறந்துபோனார். 2019 ஜூலையில் அகமதாபாத்தில் காங்கரியா ஏரிப் பூங்காவில் ராட்டினம் முறிந்து விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள், பலர் காயம் அடைந்தார்கள்.

நம்ம முக்கொம்பையே பாருங்கள். 1836 முதல் 1838 வரை ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை அது. 180 வருஷம் நின்றது. 2018 ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடம் பக்கத்து மதகுகள் உடைந்தன. பிறகு அங்கே புதிய கதவணை கட்டினார்கள். நேற்றுவரை நின்றது நாளைக்கும் நிற்கும் என்று எதையும் விட்டுவிட முடியாது. அணையானாலும் ராட்டினமானாலும் யார் பார்க்கிறார்கள், எப்போது பார்த்தார்கள் என்று கேட்க வேண்டும்.

நாம் இன்ஜினியர் இல்லைதான். ஆனால் பார்க்கக் கண்ணும் கேட்க வாயும் இருக்கு. டிக்கெட் வாங்கும் முன் ஐந்து நிமிஷம் நின்று இவற்றைக் கவனியுங்கள்:

1. ஒரு சுற்று ஓடுவதைப் பாருங்கள். கால்கள் ஆடுகிறதா, கட்டை நழுவுகிறதா, கடகட என்று சத்தம் வருகிறதா? மழை பெய்து ஊறின மண்ணில் நிற்கிற ராட்டினத்தில் ஏற வேண்டாம்.

2. பெட்டிக் கதவுக்குத் தாழ்ப்பாளும், குறுக்குக் கம்பிக்குப் பூட்டு ஆணியும் இருக்க வேண்டும். கயிறு போட்டுக் கட்டியிருந்தால் வேண்டாம்.

3. எதிர் எதிர்ப் பெட்டியில் பாரம் சமமாக இருக்க வேண்டும். "இன்னும் ரெண்டு பேர் ஏறுங்கம்மா" என்று கூப்பிட்டால் அடுத்த சுற்றுக்கு நில்லுங்கள்.

4. இது பெண்களுக்கு ரொம்ப முக்கியம். பின்னலைக் கொண்டை போடுங்கள். முந்தானையை இடுப்பில் சொருகுங்கள். துப்பட்டாவைக் கழற்றிப் பையில் வையுங்கள். 2018இல் ஹரியானாவின் பிஞ்சூரில் பூங்கா ஒன்றில் சின்னக் கார் ஓட்டிய பெண்ணின் தலைமுடி சக்கரத்தில் சிக்கி உயிரே போனது.

5. ராட்டினத்தை ஓட்டுகிறவர் குடித்திருந்தாலோ, செல்போனில் பேசிக்கொண்டே இருந்தாலோ ஏறாதீர்கள்.

6. கர்ப்பிணிகள், இதய நோய், ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் செய்தவர்கள் கீழேயே இருங்கள். சின்னக் குழந்தையைத் தனியாக ஏற்றாதீர்கள்.

7. பாதியில் நின்றுவிட்டால் குதிக்கவே கூடாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். ஆபத்து என்றால் 108க்கோ, தீயணைப்புக்கு 101க்கோ கூப்பிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராட்டினக்காரர்களை விரட்டுவது நம் நோக்கம் இல்லை. ஊர் ஊராகப் போய், திருவிழா நாளில் கிடைப்பதை வைத்து வருஷம் முழுக்கச் சாப்பிட வேண்டிய குடும்பங்கள் அவை. தார்ப்பாய்க்குள் அடுப்பு மூட்டி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு டிக்கெட் கிழிக்கிற பெண்ணும் நம்மைப் போல ஒருத்திதான். விபத்து நடந்தால் முதலில் அடிபடுவது அவள் குடும்பம். அதனால் சண்டையாக இல்லாமல் மரியாதையாகக் கேளுங்கள். "ஏம்மா, இன்னைக்கு ஆணியெல்லாம் பார்த்தாச்சா? அனுமதி வாங்கியிருக்கீங்களா?" பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு முன்னால் அவரே பார்த்து வைப்பார்.

சகோதரிகளே, இரண்டு தீர்மானங்களை இந்தக் கூட்டத்தில் முன்வைக்கிறோம். ஒன்று, ஒவ்வொரு குழுவும் இந்த வருஷம் ஒரு நாள் சுற்றுலா போக வேண்டும். இரண்டு, நம் ஊர்த் திருவிழாவில் ராட்டினம் போடும்போது, ஓடத் தொடங்கும் முன் குழுவிலிருந்து இரண்டு பேர் விழாக் கமிட்டியோடு போய் அனுமதியையும் தாழ்ப்பாளையும் பார்த்து வர வேண்டும். சம்மதம் என்றால் கை தூக்குங்கள், நோட்டில் எழுதிக்கொள்வோம்.

அடுத்த திருவிழாவில் பையை அவங்க அப்பா கையில் கொடுத்துவிட்டு, பிள்ளையோடு நீங்கள் ஏறுங்கள்.