சந்தைமுதல் தொழுவம்வரை
(புனேயில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருள் வழங்கிய மொழி நம்முடையது. அச்செல்வத்தைத் தேர்ந்து வாங்கும் முறைபற்றி நம் முன்னோர் நிறையச் சொல்லியிருக்கின்றனர். வாங்கியதை வீடு கொண்டுவந்து சேர்ப்பதுபற்றியோ அவ்வளவாகப் பேசுவாரில்லை. அதுகுறித்துச் சில சொல்ல விழைகின்றேன்.

நம் புனே நகருக்கு வடக்கே, நாசிக் சாலையில், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சாக்கன். இன்று அது மோட்டார்த் தொழிற்சாலைகளால் பெயர்பெற்ற ஊர். எனினும் அதன் மாட்டுச் சந்தையை அறியாத உழவர் இப்பக்கத்தில் இலர். அங்கே சென்றால் நம் நாட்டுச் சந்தையே நினைவுக்கு வரும். பல்லைப் பார்த்து வயதறிவர், சுழி பார்ப்பர், துண்டுக்குள் விரல் பற்றி விலை பேசுவர். மாட்டினை ஒரு மணி நேரம் ஆராய்பவர், அதனை ஏற்றிச் செல்லும் வண்டியை ஒரு நொடியும் ஆராய்வதில்லை. இழப்பு அங்கேதான் தொடங்குகிறது.

நானறிந்த தமிழன்பர் ஒருவர், புனேக்கு அருகே சிறிது நிலமும் தொழுவமும் உடையவர். கடன் வாங்கிக் கறவை மாடு ஒன்று பிடித்தார். வாடகை குறைவு என்று, வேறு சரக்கு ஏற்றியிருந்த லாரியின் வெறுந்தளத்திலேயே அதனை ஏற்றினர். மோசி, போசரி வழியாக வரும் நெரிசலில் ஓட்டுநர் திடீரெனத் தடை போட்டார். மாடு வழுக்கி விழுந்தது. வீடு வந்தபோது பின்னங்கால் ஊன்ற இயலவில்லை, மடியும் வற்றியது. பால் நின்றது, கடன் நிற்கவில்லை. வாயில்லா உயிர் தன் வலியை யாரிடம் சொல்லும்?

அன்பர்களே! இதற்கு விதிகள் இல்லாமலில்லை. 1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகள் தெளிவாகவே கூறுகின்றன: பயணத்திற்குத் தகுதியுடையதென்று கால்நடை மருத்துவர் சான்றளிக்க வேண்டும், லாரித் தளத்தில் தேங்காய் நார் விரிப்போ மரப்பலகையோ இட வேண்டும், ஒரு லாரியில் 6 மாடுகளுக்கு மேல் ஏற்றலாகாது, வேறு சரக்குக் கூடாது, உடன் ஓர் ஆள் வேண்டும், மாடு மிரளாதிருக்க எஞ்சினை நோக்கி நிற்பது நன்று. இரயில்வேயில் எழுத்தனாக இருப்பதால் இன்னொன்றும் அறிவேன்: அகலப் பாதைச் சரக்குப் பெட்டியில் வளர்ந்த மாடுகள் 10க்கு மேல் ஏற்றலாகாது என்பதும் அவ்விதியே. நடத்திக் கொண்டுவருவதாயின், 2001ஆம் ஆண்டின் விதிப்படி, பசு நாளொன்றுக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் நடக்கலாகாது. சாக்கனிலிருந்து புனே அதற்குச் சரியாகவே இருக்கிறது!

அந்த அன்பர் அடுத்த ஆண்டு மீண்டும் சாக்கன் சென்றார். இம்முறை நானும் உடன் சென்றேன். விரிப்பின்மேல் வைக்கோல் பரப்பினார். நீர் காட்டி, நிழலில் இளைப்பாறவிட்டு, மண்மேட்டோடு வண்டியை அணைத்து, அடிக்காமல் ஏற்றினார். வண்டி மெல்லவே வந்தது. விற்றவர் கொடுத்துவந்த தீவனத்திலேயே சில நாளைக்கு வேண்டியதையும் கேட்டு வாங்கிக்கொண்டார். தீனி திடீரென மாறினால் மாட்டின் வயிறு கெடுமன்றோ? வாடகை கூடிற்று, மாடு நின்றபடியே வந்து, நடந்தே இறங்கியது.

வீடு வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. புதிய மாட்டை மூன்று வாரமேனும் பழைய மாடுகளோடு சேர்க்காமல் தனியே கட்ட வேண்டும். கோமாரி போன்ற நோய்கள் சந்தையிலிருந்து மாட்டோடு வீடுவரை வரக்கூடியவை. 2022ஆம் ஆண்டில் தோல் கழலை நோய் பரவியபோது மராட்டிய மாநிலத்தில் மாட்டுச் சந்தைகளையே மூட நேர்ந்ததை நீங்கள் அறிவீர்கள்.

தமிழர் மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் தீட்டுகிறோம். மராட்டியர் போளாப் பண்டிகையில் மாட்டிற்கு மாலை சூட்டி ஊர்வலம் விடுகின்றனர். இரண்டும் போற்றத்தக்கவையே. ஆயினும் ஆண்டுக்கொரு நாள் செய்யும் சிறப்பினும், அறிமுகமில்லாத ஊருக்கு அறிமுகமில்லாத கைகளை நம்பி வரும் அந்த முதல்நாளில் நாம் காட்டும் பரிவே பெரிது. பிழைப்பு நாடி ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இதனை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.