கடல் தாண்டாத கதைகள்



மதுரை தல்லாகுளம் தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது ஒரு சுற்று வந்தால் டால்ஸ்டாய், தஸ்தயேவ்ஸ்கி, கார்க்கி எல்லோரும் தமிழில் கிடைப்பார்கள். ஆனால் நம் நாவல்களைத் தேடி மாஸ்கோவிலோ டோக்கியோவிலோ ஒருவர் கடைக்குப் போனால் என்ன கிடைக்கும்? ஏன் இப்படி என்று கேட்டால் நம்மிடையே வழக்கமாக ஒரு பதில் உண்டு. "நம்முடையது மண் மணக்கும் எழுத்து, வேறு மொழியில் அது நிற்காது" என்பார்கள். பெருமையோடு சொல்லப்படும் பதில்தான். ஆனாலும் அது சரியில்லை என்பதே என் கருத்து. ஒரு படைப்பு ஊரைத் தாண்டாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் அதன் மொழி காரணமல்ல. உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு, செலவையும் நட்டத்தையும் ஏற்கத் துணியும் ஒருவர் இல்லாததுதான் காரணம்.

இதைத் தெளிவாகக் காட்டும் உதாரணம் இலக்கியத்துக்கு வெளியே, ஜப்பானின் வீடியோ கேம் உலகத்தில் இருக்கிறது. வீட்டில் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். சில விளையாட்டுகள் ஒரு நாவல் அளவுக்கு உரையாடலும் கதையும் கொண்டவை. ஷிகேசாடோ இடோய் என்ற எழுத்தாளர் உருவாக்கிய 'மதர் 3' அப்படிப்பட்டது. நின்டெண்டோ நிறுவனம் 2006இல் ஜப்பானில் வெளியிட்டது. அதை ஓட்டும் சின்னக் கருவிக்கு அப்போது வயதாகிவிட்டது, அடுத்த தலைமுறைக் கருவி கடைக்கு வந்திருந்தது. ஆங்கிலப் பதிப்பு வரவே இல்லை. பொறுக்க முடியாத ரசிகர்கள் சிலர், கிளைட் மாண்டலின் என்ற தொழில்முறை மொழிபெயர்ப்பாளரின் தலைமையில் உட்கார்ந்து, முழு விளையாட்டையும் தாங்களே ஆங்கிலத்தில் பெயர்த்து 2008இல் இலவசமாக வெளியிட்டார்கள். முதல் வாரத்திலேயே ஒரு லட்சம் முறைக்கு மேல் அது தரவிறக்கப்பட்டது. ஆக, மொழிபெயர்க்க முடியும் என்பதும் தெரிந்துவிட்டது, ஆள் இருக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிட்டது. தன் மொழிபெயர்ப்பை நின்டெண்டோவே எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம் என்றுகூட மாண்டலின் சொன்னார். 2024இல் அந்த விளையாட்டை நிறுவனம் இணையவழிச் சேவையில் சேர்த்தது, அதுவும் ஜப்பானில் மட்டும். இலவசமாகவே கிடைத்தாலும், மொழிபெயர்ப்புக் கூலி மொத்தச் செலவில் ஒரு பங்குதான். சோதித்துப் பார்ப்பது, சட்டப் பொறுப்பு, விளம்பரம், விற்காமல் போனால் வரும் நட்டம் என்று மீதியெல்லாம் உரிமைக்காரர் தலையில். அவர் "சரி" என்று சொல்லாதவரை எத்தனை அன்பும் பயன்படாது.

இப்போது நம் ஊருக்கு வருவோம், எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு. ப. சிங்காரம். 1920இல் சிங்கம்புணரியில் பிறந்து, இளவயதில் கடல் கடந்து இந்தோனேசியாவின் மெடான் நகரில் வேலை பார்த்து, திரும்பி வந்து மதுரை தினத்தந்தியில் பணியாற்றி, இங்கே ஒய்.எம்.சி.ஏ. அறையில் பல ஆண்டு தனியாக வாழ்ந்து 1997இல் மறைந்தவர். இரண்டே நாவல்கள். இரண்டாவதான 'புயலிலே ஒரு தோணி', எழுதி முடித்துப் பல ஆண்டுகள் காத்திருந்து 1972இல்தான் அச்சேறியது. ஜப்பானியப் படை மெடானுக்குள் நுழைவதில் கதை தொடங்கும். பினாங்கு, கப்பல், இந்திய தேசிய ராணுவம், உலகப் போர் என்று விரியும். நடுநடுவே மதுரைத் தெருக்களின் நினைவு ஊடாடும். நேயர்களே, வாசிக்காதவர்கள் தயவுசெய்து ஒருமுறை வாசியுங்கள், கிண்டலும் துயரமும் ஒரே வரியில் வருவதைப் பார்ப்பீர்கள். என் கேள்வி இதுதான்: இரண்டாம் உலகப் போரைத் தென்கிழக்கு ஆசியாவின் தெருவில் நின்று சொல்லும் ஒரு நாவல் வெளியாருக்குப் புரியாது என்று எப்படிச் சொல்வது? மதுரையையே களமாகக் கொண்ட ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' 1974இல் வந்தது. பெங்குவின் வெளியீடாக ஆங்கிலத்தில் வந்தது 2010இல். முப்பத்தாறு ஆண்டுகளில் அந்த நாவலின் மொழி எளிதாகிவிடவில்லை. முன்வந்து செய்ய ஒருவர் கிடைத்தார், அவ்வளவே.

வட்டார வழக்கு தடை என்பவர்களுக்குக் கொங்கு மண்ணிலிருந்தே பதில் வந்துவிட்டது. பெருமாள்முருகனின் 'பூக்குழி', அனிருத்தன் வாசுதேவன் மொழிபெயர்ப்பில், 2023இல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. ரஷ்ய நூல்கள் சொல்லும் பாடம் இன்னும் அழுத்தமானது. ரஷ்யக் குளிரும் நம் கத்திரி வெயிலும் எவ்வளவு தூரம்! ஆனாலும் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் மாஸ்கோவிலேயே தமிழ் மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தின, பூ. சோமசுந்தரம் போன்றவர்கள் அங்கேயே இருந்து பெயர்த்தார்கள், அச்சடித்த நூல்கள் நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் வழியாகச் சொற்ப விலைக்கு நம் கைக்கு வந்தன. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் அந்த வரத்து நின்றது. தமிழ் வாசகரின் ரசனை அந்த ஆண்டு மாறிவிடவில்லை, செலவு செய்தவர் போய்விட்டார். சோவியத் அன்று செய்ததைத் தென் கொரியா இன்று தன் இலக்கியத்துக்குச் செய்கிறது. மொழிபெயர்ப்புக்கென்றே அரசு நிறுவனம் வைத்துப் பயிற்சியும் பணமும் தருகிறது.

"நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்களுக்கு உரிமைத் தடையே இல்லையே, அவையெல்லாம் உலகம் சுற்றுகின்றனவா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பாரதியார் எழுத்துகளின் உரிமையை 1949இல் அரசு வாங்கியதில் தொடங்கி, எத்தனையோ பேருடைய எழுத்து பொதுச் சொத்தாகிவிட்டது. அவற்றிலும் பெரும்பகுதி தமிழுக்குள்ளேயே இருக்கிறது. உரிமை கதவைத் திறக்கும், நடந்துபோக ஆள் வேண்டும், ஆளுக்குக் கூலி வேண்டும். அந்தக் கூலியை அரசு கொடுத்தால், பணம் வேண்டியவர்களுக்கே போகும் என்ற அச்சமும் உண்டு. அதற்கு வழி இருக்கிறது. வெளிநாட்டுப் பதிப்பாளர் ஒருவர் ஒப்பந்தம் போட்டு, தன் பணத்தையும் போடும் நூலுக்கு மட்டும் உதவி தரலாம். 2023 ஜனவரியில் தொடங்கிய சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சி பதிப்பாளர்களை நேருக்கு நேர் உட்காரவைத்து, மொழிபெயர்ப்பு நல்கையும் தருவது அந்த வகையில் சரியான தொடக்கம் என்றே நினைக்கிறேன். இனி கணினியே பெயர்த்துவிடும் என்போருக்கு ஒரு சொல்: கணினி வரிகளைத் தரலாம், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாது.

நேரம் நெருங்குகிறது, ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நம் நாட்டில் எழுத்தாளர் மறைந்து அறுபது ஆண்டுவரை காப்புரிமை வாரிசுகளிடம் இருக்கும். வாரிசுகள் நாலு ஊரில் சிதறிக் கிடந்தால், ஒப்புதல் கேட்டு வரும் பதிப்பாளர் அலுத்துத் திரும்பிவிடுவார். எழுதுகிறவர்களே, எழுத்தாளரின் பிள்ளைகளே, பேரப்பிள்ளைகளே, உங்கள் வீட்டு எழுத்தின் உரிமை யாரிடம் இருக்கிறது, யாரை அணுக வேண்டும் என்பதை இந்த வாரமே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, பதிப்பாளரிடம் ஒரு படி கொடுத்து வையுங்கள்.