கண்டற் காவலும் கரையோர மக்களும்



உப்பு நீரிலே காலூன்றி நிற்கும் மரங்களைக் கண்டல் என்பர் நம் கரையோர மக்கள். அக்கண்டல் சூழ்ந்த களப்பொன்றிலே வள்ளமேறிச் சென்று கண்டவற்றையும், அங்கு எழுந்த ஒரு வினாவையும் பற்றி இன்று பேச விரும்புகின்றேன்.

முள்ளியவளையிலிருந்து அளம்பில், செம்மலை, நாயாறு ஆகிய ஊர்களைக் கடந்து தெற்கே சென்றால், முல்லைத்தீவு மாவட்டத்தின் எல்லையிலே கொக்கிளாய்க் களப்பு விரிந்து கிடக்கின்றது. அதன் மறுகரை திருகோணமலை மாவட்டம். 1951ஆம் ஆண்டிலே இக்களப்பு சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. மாரி ஓய்ந்து தை பிறந்த ஒரு காலையிலே, உயர்வகுப்பு மாணவர் சிலருடன் அங்கு சென்றேன்.

கரையை அணுகியதும் வள்ளக்காரர் இயந்திரத்தை நிறுத்திக் கோலூன்றத் தொடங்கினார். கண்டலின் வேர்கள் வில்லாய் வளைந்து சேற்றிலே இறங்கியிருந்தன. அதன் விதை தாய்மரத்திலேயே முளைத்து, ஈட்டிபோல் நீண்டு, பின்னர்ச் சேற்றில் வீழ்ந்து வேர்கொள்ளும். கண்ணா மரமோ மூச்சுவிடுதற்கென வேர்களை மேல்நோக்கி அனுப்புகின்றது. உண்ட உப்பை இலைவழியே உமிழ்கின்றது. தில்லை மரத்தின் அருகே செல்கையில், அதன் பால் கண்ணைக் கெடுக்கும் என வள்ளக்காரர் எச்சரித்தார். சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரை ஈந்த மரம் இதுவே என்றதும் மாணவர் வியந்தனர். அப்பால் கூழைக்கடாக்களும் சங்குவளை நாரைகளும் ஆழமற்ற நீரிலே இரை தேடிக்கொண்டிருந்தன.

“அதிபர் ஐயா, கண்டல் போனால் இறாலும் போகும், எங்கள் சீவியமும் போகும்,” என்றார் வள்ளக்காரர். உதிரும் இலை மக்கிச் சிற்றுயிர்களுக்கு உணவாகின்றது. அச்சிற்றுயிர்களை உண்டு, வேர்களின் இடுக்கிலே இறாற்குஞ்சும் மீன்குஞ்சும் வளர்கின்றன. நூல்கள் கூறும் இவ்வுண்மையை அவர் தம் வலையினாற் கற்றிருந்தார்.

அப்போது ஒரு மாணவன் கேட்டான்: “பறவைக்குச் சரணாலயம் உண்டு, சேர். மீன்பிடிக்கும் எங்களுக்கும் இங்கே இடம் உண்டா?”

எளிதாக ஒதுக்கிவிடத்தக்க வினாவன்று அது. இக்கரை மக்கள் 1984இலே ஊரைவிட்டு அகற்றப்பட்டவர்கள். போர் 2009இல் முடிந்த பின்னரே மீண்டவர்கள். எங்கள் ஊருக்கு அணித்தான நந்திக்கடல் 2017இலே இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. நிலத்தை ஒருமுறை இழந்தவனுக்கு எல்லைக்கல் எதனைக் கண்டாலும் நெஞ்சு துணுக்குறுதல் இயல்பேயன்றோ?

ஆயினும், நமது சட்டத்தின்படி சரணாலயம் என்பது மனிதரை முற்றாக விலக்கும் இடமன்று. அதனுள்ளே தனியார் நிலமும் இருத்தல் கூடும். வேட்டையாடுதலையும், கூட்டையும் முட்டையையும் கலைத்தலையுமே அது முதன்மையாகத் தடுக்கின்றது.

உலக வரலாற்றிலிருந்தும் ஒரு சான்று கூறுவேன். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலே, கண்டல் மூடிய பெலிக்கன் தீவு என்னும் சிறு தீவு உண்டு. சீமாட்டிகளின் தொப்பிக்கு இறகு வேண்டி அப்பகுதிப் பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். 1903ஆம் ஆண்டு சனாதிபதி தியடோர் ரூசவெல்ற் அத்தீவைப் பறவைகளின் காப்பிடமாக அறிவித்தார். அதன் முதற் காவலர் யார்? எதிர்க்கரையில் வாழ்ந்த படகு கட்டுநரான போல் குரோகல். ஆணை பிறக்குமுன்னரே தாமாகப் படகிற் சென்று பறவைகளைக் காத்தவர் அவர்.

இதனையே அம்மாணவனுக்கு விடையாகக் கூறினேன். எல்லை வகுப்போர் வரைபடத்தை விரிக்குமுன் கரையிலுள்ளாரைக் கேட்டல் வேண்டும். எவ்விடத்தில் மீன் சினைக்கும், எவ்விடத்திற் பறவை தங்கும் என்பதை அவர்களே அறிவர். கரையிலுள்ளாரும் விறகுக்கென்றும் வேலிக்கென்றும் கண்டலிற் கத்தி வைத்தல் ஆகாது. ஒரு பக்கத்தார் மட்டும் கடன் ஆற்றினால் களப்பு பிழைக்காது.

நேயர்களே, உங்கள் ஊர்க் கரையிலும் கண்டல் நிற்குமாயின், பிள்ளைகளை அழைத்துச் சென்று அம்மரங்களின் பெயர்களைச் சொல்லிக்கொடுங்கள். பெயர் அறிந்த மரத்தை வெட்டக் கை எளிதில் எழாது.