ரேஸ் கொடுத்தால் அணைகிற சிவப்பு விளக்கு



பங்குனி உத்திரத் தேரோட்ட நாளில் கோவில்பட்டியிலிருந்து கழுகுமலைக்குக் காரில் வருகிறவர்களுக்கு ஊர் எல்லை வரைக்கும் கவலையில்லை. அதற்கப்புறம் வண்டி ஊர ஆரம்பிக்கும். பொழுது இருட்டி ஹெட்லைட் எரிகிறது, புழுக்கம் தாங்காமல் ஏசி ஓடுகிறது, முருகன் பாட்டும் ஓடுகிறது. பத்தடி நகர்ந்தால் பத்து நிமிஷம் நிற்க வேண்டும். வண்டி பழசாக இருந்தால் கொஞ்ச நேரத்தில் ஹாரன் கம்மிப்போகும், வெளிச்சம் மஞ்சளாகும், டாஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு லேசாக மினுங்கும். ஒரு ரேஸ் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும். காலை எடுத்தால் மறுபடி அதே கதை. எப்படியோ வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சாமி கும்பிட்டு வந்து சாவியைத் திருகினால், 'டக்' என்று ஒரு சத்தத்தோடு சரி. செல்ஃப் எடுக்காது.

மறுநாள் காலையில் எல்லாரும் போகிற இடம் பேட்டரிக் கடை. புது பேட்டரி போட்டதும் வண்டி ஜம்மென்று கிளம்பும். அடுத்த திருவிழாவிலோ கல்யாண ஊர்வலத்திலோ மறுபடி படுத்துக்கொள்ளும். பேட்டரியை மாற்றுவதற்கு முன்னால், அதற்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரைக் கொஞ்சம் பாருங்கள் என்று சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

சைக்கிள் டைனமோ விளக்கு வைத்து ஓட்டியவர்களுக்கு இது எளிதில் புரியும். வேகமாக மிதித்தால் வெளிச்சம், மெதுவாக மிதித்தால் மினுக்கு. காரிலும் அதே விதிதான். ஆல்டர்னேட்டரின் தகட்டில் 45 ஆம்பியர் என்று போட்டிருந்தால், அது நிமிஷத்துக்கு 6000 சுற்று சுற்றும்போது கிடைக்கிற கணக்கு. வண்டி ஸ்லோவில் நிற்கும்போது எஞ்சின் 800 சுற்று சுற்றுகிறது; புல்லி அதை இரண்டு மடங்காக்கினால் ஆல்டர்னேட்டருக்கு 1600. அந்த வேகத்தில் பழைய ஆல்டர்னேட்டர் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தாலே புண்ணியம். 15 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம்.

செலவைப் பாருங்கள். 55 வாட் ஹெட்லைட் இரண்டுக்கு மட்டும் 9 ஆம்பியர் கிட்ட வரும். ரேடியேட்டர் ஃபேன், ஏசி ஃபேன், ஏசி கிளட்ச், இக்னிஷன் என்று சேர்த்தால் 30-ஐத் தொட்டுவிடும். பற்றாக்குறை 15 ஆம்பியரும் பேட்டரியிலிருந்துதான் போக வேண்டும். சின்ன காரில் இருப்பது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. ஒரு மணி நேரம் தேர்க் கூட்டத்தில் நின்றால் கிட்டத்தட்ட பாதி காலி. இதற்கு மேல் பம்பரில் இரண்டு எக்ஸ்ட்ரா லைட்டும் டிக்கியில் பெரிய ஸ்பீக்கரும் மாட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

அம்பாசடரையும் பத்மினியையும் டைனமோ காலத்தில் ஓட்டியவர்களுக்கு இது புதிதில்லை. ஸ்லோவில் சிவப்பு விளக்கு எரிவது அன்றைக்குச் சகஜம். டைனமோ அந்த வேகத்தில் சார்ஜே ஏற்றாது. 1960-இல் அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரைக் கொடுத்தது. சிலிக்கான் டயோடு கைக்கு வந்ததால்தான் அது முடிந்தது. நம் பக்கத்தில், 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் கம்பெனி சென்னைப் பாடியிலிருந்து இந்தச் சாமான்களைச் செய்து நாடு முழுக்க அனுப்பியது. ஆல்டர்னேட்டர் வந்தபின் ஸ்லோவிலும் கொஞ்சம் சார்ஜ் ஏறியது. அந்தக் கொஞ்சம்தான், வண்டிக்கு வயசாகும்போது முதலில் கைவிட்டுப் போகிறது.

ஒரு மல்டிமீட்டர் போதும். பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. எஞ்சினைப் போட்டதும் 14-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். இனி ஹெட்லைட், ஏசி எல்லாவற்றையும் போடுங்கள். ஸ்லோவில் 13-க்கு மேல் நின்றால் பயமில்லை. 12.6-க்குக் கீழே இறங்கி, ரேஸ் கொடுத்ததும் 14-க்கு ஏறினால் நாம் பேசுகிற வியாதி இதுதான். ரேஸ் கொடுத்தும் ஏறவில்லை என்றால் அது வேறு, பெரிய வேலை.

இதை எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு பார்க்க வேண்டும். 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போகும்போது செம்புக் கம்பியின் மின்தடை ஏறக்குறைய 30 சதவீதம் கூடிவிடும். உள்ளே சுழல்கிற காயிலுக்குப் போகும் கரண்ட் குறையும், காந்தம் சோர்ந்துபோகும். கோவில்பட்டி வெயிலில் பானெட்டுக்குள் அந்தச் சூடு வர எவ்வளவு நேரம் ஆகும்? காலையில் கடை திறந்ததும் மீட்டர் வைத்து, "நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி" என்று அனுப்பிய வண்டி மத்தியானம் மக்கர் பண்ணுவதற்குக் காரணம் இதுவே.

வியாதி இதுதான் என்று தெரிந்தால், முதலில் பார்க்க வேண்டியது பெல்ட். பழைய 'வி' பெல்ட் பக்கவாட்டில் பிடித்து ஓட வேண்டியது. தேய்ந்து புல்லியின் அடியில் உட்கார்ந்துவிட்டால் வழுக்கும். பக்கங்கள் கண்ணாடி மாதிரிப் பளபளத்தாலோ, லைட் போட்டவுடன் கீச்சென்று கத்தினாலோ மாற்றிவிடுங்கள். நடுவில் கட்டை விரலால் அழுத்தும்போது அரை அங்குலத்துக்குள் இறங்கினால் சரி. அதற்காக முறுக்கி இழுத்தால் பேரிங் போய்விடும்.

பெல்ட் சரியென்றால் வயர். என் அனுபவத்தில் அதிகம் பேர் பார்க்காமல் விடுவதும், சல்லிக்காசு செலவில் முடிவதும் இதுதான். எல்லா லோடும் போட்டு எஞ்சின் ஓடும்போது, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் மெயின் போல்ட்டிலும் மறுமுனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் எங்கோ கரண்ட் வீணாகிறது. அதேபோல ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி மைனஸ்ஸுக்கும் பாருங்கள். எஞ்சினிலிருந்து சேஸிஸுக்குப் போகிற எர்த் பட்டையில் ஐப்பசி மழையில் ஏறிய கரிசல் சேறு அப்பிக் கிடக்கும். அந்த மண் லேசில் ஈரம் விடாது. அடியில் துரு தின்றிருக்கும். கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கினால் பாதி வண்டி தேறிவிடும்.

அந்தச் சிவப்பு விளக்கையும் கவனியுங்கள். சாவி போட்டதும் அது எரிய வேண்டும். பல மாடல்களில் ஆல்டர்னேட்டரை முதலில் உசுப்பிவிடுகிற கரண்ட் அந்த பல்ப் வழியாகத்தான் போகிறது. பல்ப் போய்விட்டால், ஒரு தடவை நன்றாக ரேஸ் கொடுக்கும் வரை சார்ஜ் தொடங்காது. சின்ன பல்ப்தான் காரணம் என்று தெரியாமல் ஆல்டர்னேட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

இத்தனையும் சரியாக இருந்தால்தான் ஆல்டர்னேட்டரைக் கழற்ற வேண்டும். கார்பன் பிரஷ் அரை சென்டிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருக்கலாம். ஆடிக் காற்றில் பறக்கிற புழுதி கார்பன் தூளோடு சேர்ந்து பிரஷ்ஷைக் கூட்டுக்குள்ளேயே சிக்கவைப்பதும் உண்டு. டயோடு ஒன்று போயிருந்தாலும் ஸ்லோவில்தான் முதலில் தெரியும்.

ஓடுகிற வண்டியில் பேட்டரி டெர்மினலைப் பிடுங்கி, "பார், எஞ்சின் நிக்கலை, சார்ஜ் இருக்கு" என்று காட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். பிடுங்கிய கணத்தில் வோல்ட்டேஜ் பல மடங்கு எகிறும். டயோடும், கம்ப்யூட்டர் உள்ள வண்டியில் அதுவும் சேர்ந்து போய்விடும்.

பெரிய ஆல்டர்னேட்டர் மாட்டச் சொல்வார்கள். வாங்குவதானால் ஸ்லோவில் எத்தனை ஆம்பியர் தரும் என்று கேளுங்கள். 70 என்று தகட்டில் போட்டிருப்பது நிற்கிற வண்டிக்கு உதவாது. மெயின் வயரையும் தடிமனாக்க வேண்டும். பழுது பார்த்து முடித்த கையோடு, இறங்கிப்போன பேட்டரியைக் கடையில் கொடுத்து ஒரு ராத்திரி வெளிச் சார்ஜில் போட்டு வாங்குங்கள். காலியான பேட்டரியை நிரப்புகிற வேலையை ஆல்டர்னேட்டர் தலையில் கட்டினால் அது கொதித்துப்போகும். புதிதாய்ப் போட்ட டயோடு பிளேட்டுக்கு அது நல்லதில்லை.