பெட்ரோமாக்ஸ் மேண்டிலில் இரண்டு கணக்கு



1984-இல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில், பெட்ரோமாக்ஸ் விளக்கு எப்படி எரிகிறது என்று கவுண்டமணியிடம் செந்தில் கேட்பார். கேட்டதோடு நில்லாமல் மேண்டிலையும் உடைத்துவிடுவார். நாமும் சிரித்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விட்டோம். ஆனால், அது நல்ல கேள்வி. அந்த மேண்டிலுக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று கண்ணுக்குத் தெரியும், மற்றொன்று தெரியாது.

மேண்டில் என்பது தோரியம் உப்பில் ஊறவைத்து உலர்த்திய துணிவலை. முதல்முறை பற்றவைத்ததும் துணி எரிந்துபோய், தோரியம் ஆக்சைடால் ஆன சாம்பல்கூடு மட்டும் மிஞ்சும். விரல் பட்டதும் உதிர்வது அதனால்தான். ஆஸ்திரியாவின் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் கண்ட கலவை இது. 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு.

இந்தத் தோரியத்துக்கும் நம் ஊருக்கும் உறவு உண்டு. திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன தேங்காய்நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் கனிமம் இருப்பதை, ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர் 1909-இல் கண்டுகொண்டார். தேடிக்கொண்டு வந்த இடம் மணவாளக்குறிச்சி, இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். மேண்டிலுக்காகவே அங்கே மணல் அள்ளத் தொடங்கினார்கள். மத்திய அரசின் மணல் ஆலை ஒன்று இன்றும் அங்கே இருக்கிறது.

தோரியம் கதிரியக்கம் உள்ள பொருள். அதனால்தான் மேண்டில் ஒளிர்கிறது என்று படித்தவர்களே சொல்லக் கேட்கலாம். அது தவறு. ஒளி தருவது கதிரியக்கம் அல்ல, சூடு.

தோரியம் அணுவின் நடுவே கரு. அதில் 90 புரோட்டான், 142 நியூட்ரான். வெளியே 90 எலக்ட்ரான். மண்ணெண்ணெய்ச் சுவாலையின் சூடு கிளறிவிடுவது இந்த வெளிப்பகுதியைத்தான். வாங்கிய ஆற்றலை அது ஒளியாகத் திருப்பித் தருகிறது. தரும்போது ஒரு நிபந்தனை உண்டு. 1900 டிசம்பரில் பெர்லினில் மாக்ஸ் ப்ளாங்க் சொன்னது அது: ஆற்றல் நினைத்த அளவில் வெளியேறாது, பொட்டலம் பொட்டலமாகத்தான் வரும். சிவப்புக்குச் சிறிய பொட்டலம், நீலத்துக்குப் பெரியது. கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவப்பதன் காரணம் இதுவே. பெரிய பொட்டலம் கட்ட அந்தச் சூடு போதாது. அகச்சிவப்பின் பொட்டலம் இன்னும் சிறியது. கண்ணுக்கு அது தெரியாது, வெப்பமாக உணரலாம். தோரியம் ஆக்சைடு ஆற்றலை அந்த அகச்சிவப்பாக அதிகம் வீணாக்குவதில்லை. அந்த ஒரு பங்கு சீரியம் கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் கூட்டுகிறது. ஒளியே பொட்டலங்களாகப் பயணம் செய்கிறது என்று 1905-இல் ஐன்ஸ்டைன் சொன்னார். ப்ளாங்க்கே அதை நெடுநாள் ஏற்கவில்லை.

இனி இரண்டாவது வேலை. விளக்கை அணைத்த பிறகும், ஏன், மேண்டில் கடையில் பொட்டலத்தில் கிடக்கும்போதும் நடப்பது. ஒரு கிராம் தோரியத்தில் ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 4,000 அணுக்கருக்கள் சிதைகின்றன. ஒவ்வொன்றும் இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் சேர்ந்த ஆல்பா துகளை எறிகிறது. அந்த ஒரு துகளின் ஆற்றல், மேண்டிலிலிருந்து வரும் ஒரு பொட்டலம் ஒளியைப்போல் பத்து லட்சம் மடங்குக்கும் மேல். அதே துகளை ஒரு தாள் தடுத்துவிடும், தோலும் தடுக்கும். தூளாகி மூச்சில் போனால்தான் தொல்லை. பல நிறுவனங்கள் இப்போது தோரியத்தை விட்டு யிட்ரியத்துக்கு மாறிவிட்டன. பரணில் பழைய மேண்டில் கிடந்தால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், உடைந்த தூளை ஊதாதீர்கள்.

இந்தச் சிதைவுக்கு ஒரு கணக்கு உண்டு என்று கண்டவர் ரதர்ஃபோர்டு. கனடாவின் மான்ட்ரியல் நகரில், தோரியத்திலிருந்து கசியும் வாயு ஒன்றை 1900-ஐ ஒட்டி அளந்தார். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் அதன் வீரியம் பாதியானது, அடுத்த நிமிடத்தில் அதிலும் பாதி. அரை ஆயுட்காலம் என்று இன்று பாடப்புத்தகத்தில் படிப்பது இதைத்தான். பிறகு சாடி என்ற வேதியியலரும் அவரும் சேர்ந்து, ஒரு தனிமம் வேறு தனிமமாக மாறுகிறது என்று நிறுவினார்கள். இரசவாதிகள் கனவு கண்டது, யாரும் கைவைக்காமலே நடந்துகொண்டிருந்தது.

தோரியத்தின் அரை ஆயுட்காலம் சுமார் 1,400 கோடி ஆண்டு. பூமி பிறந்தபோது இருந்த தோரியத்தில் ஐந்தில் நான்கு பங்கு இன்னும் அப்படியே இருக்கிறது. மேண்டிலை எவ்வளவு சூடாக்கினாலும் இந்தக் கணக்கு அசையாது. சுவாலை எலக்ட்ரான்களோடு நின்றுவிடும், கருவுக்கு அது எட்டுவதில்லை.

அப்படியானால் ஓர் அணு இன்று சிதைகிறது, பக்கத்து அணு கோடி கோடி ஆண்டு காத்திருக்கிறது. ஏன்? 1928-இல் ரஷ்யாவின் ஜார்ஜ் கேமோவ் விடை சொன்னார். அப்போது அவருக்கு 24 வயது. அவரைச் சாராமல் தனியாக, குர்னி, காண்டன் என்ற இருவர் அமெரிக்காவில் அதே முடிவுக்கு வந்தார்கள். கருவைச் சுற்றி ஒரு தடை இருக்கிறது. அதைத் தாண்டும் ஆற்றல் ஆல்பா துகளுக்கு இல்லை. ஆனால், துகளுக்கு அலையின் குணமும் உண்டு. அதனால் தடைக்கு அப்பால் அது தோன்ற மிகச் சிறிய வாய்ப்பு இருக்கிறது. எந்த அணுவுக்கு எப்போது என்று யாரும் சொல்ல முடியாது, கூட்டத்துக்குத்தான் கணக்கு. அந்தக் கணக்கைப் போடும்போது நடுவே வந்து உட்காருவது எந்த எண் தெரியுமா? ஒளிப் பொட்டலத்தை அளக்க ப்ளாங்க் கொண்டுவந்த அதே மாறிலி. சூடு தொடாத கருவிலும், சூட்டில் ஒளிரும் வெளிப்பகுதியிலும் ஒரே சட்டம். இயற்பியலில் எனக்குப் பிடித்த சந்திப்பு இதுதான்.

இயற்பியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். தோரியம் ஆறு ஆல்பா, நான்கு பீட்டா சிதைவுகளுக்குப் பின் காரீயமாகி நிற்கிறது. அந்தத் தொடரை எழுதி, ஒவ்வொரு ஆல்பா துகளின் ஆற்றலையும் அதை எறியும் கருவின் அரை ஆயுட்காலத்தையும் அருகருகே குறித்துப் பாருங்கள். தொடரின் கடைசிப் பக்கம் வரும் பொலோனியம்-212-இன் துகளுக்கு, தோரியத்தின் துகளைவிட இரண்டு மடங்குக்குச் சற்றே அதிக ஆற்றல். அதன் அரை ஆயுட்காலமோ ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை.