பாற்கடலிலிருந்து வங்கக் கடல் வரை: கண்டியின் கடைசி அரசர் போன வழி



இன்றைய பயண உரையில் உங்களைக் கண்டிக்கு அழைத்துப் போகிறேன். தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா, எசல பெரஹரா என்று கண்டியைப் பற்றி நீங்கள் ஏற்கெனவே நிறையக் கேட்டிருப்பீர்கள். இன்று நாம் போகப்போவது வேறொரு வழி. இந்த நகரத்தை ஆண்ட கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் அவருடைய அரசியரும் நாட்டை விட்டுப் போன வழி. வாவிக் கரையில் தொடங்கி, தும்பறை மலைகளில் ஏறி, கொழும்பில் பாய்மரக் கப்பலேறி, தெற்கே இறங்கித் தீவைச் சுற்றிக்கொண்டு சென்னைத் துறையில் போய் நின்ற வழி. அந்தப் பயணத்தை மனதில் வைத்துக்கொண்டு நடந்தால் கண்டி நன்றாக விளங்கும் என்பது என் எண்ணம்.

கொழும்புக் கோட்டையில் ரயிலேறினால், கடுகண்ணாவை ஏற்றத்தை மூச்சுவாங்க ஏறி, பேராதனைச் சந்தி கடந்து, சுமார் மூன்று மணி நேரத்தில் கண்டி. இந்தத் தண்டவாளம் 1867இல் இங்கே வந்து சேர்ந்தது. நிலையத்துக்கு வெளியே ஓட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தே போங்கள். மணிக்கூட்டுக் கோபுரம், துணிக்கடைகள், பாண் மணக்கும் பேக்கரிகள், தலதா வீதி, குயின்ஸ் ஹோட்டல். அதைத் தாண்டினால் வாவி.

கண்டி, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில், மகாவலி ஆறு மூன்று புறமும் வளைத்துக்கொண்டு ஓடும் மலைக்கிண்ணத்தில் இருக்கிறது. இங்கே அரசர் ஒரு கடலை உண்டாக்கினார். 1807இல், அரண்மனைக்கு முன்னால் கிடந்த திகொல் வெல என்ற நெல்வயல்களை அணைகட்டி நீரால் நிரப்பினார். அதற்குப் பாற்கடல் என்று பெயர். கரையோரம் எழுப்பிய வெள்ளை மதிலின் மேல்விளிம்பை மேகம் சுருண்டாற்போல வளைத்து வளைத்துக் கட்டினார்கள். கீழே பாற்கடல், மேலே மேகம், நடுவே மிதக்கும் மாளிகை: அரசன் இருக்கும் இடம் தேவலோகம் என்பதே இந்த அமைப்பின் சேதி. வடிவமைத்தவர் தேவேந்திர மூலாச்சாரி என்ற சிற்பி. தலதா மாளிகையின் முகப்பில் அகழிக்கு மேல் நிற்கும் எண்கோண மண்டபம், பத்திரிப்புவ என்பது, அவர் கைவண்ணம்தான். அரசர் அதில் நின்று மக்களுக்குக் காட்சி கொடுத்தார். இப்போது அதற்குள் ஓலைச்சுவடி நூலகம்.

மதிலுக்கு அருகே போய்ப் பாருங்கள். சாந்துப் பரப்பில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன முக்கோணக் குழிகள். ஒவ்வொன்றும் ஓர் அகல் விளக்கு வைக்கும் அளவு. தேங்காய் எண்ணெய் ஊற்றித் திரியேற்றினால் மதில் முழுவதும் சுடர்விடும், அந்தச் சுடர் வாவியிலும் விழும். ஆனால் இந்த மதில் கடைசிவரை முடியவே இல்லை. அதற்குள் அரசாட்சி முடிந்துவிட்டது.

அரசருடைய இயற்பெயர் கண்ணுசாமி. 1780இல் பிறந்தவர். 1798இல், பதினெட்டு வயதில், முதல் அதிகாரம் என்ற தலைமை அமைச்சராயிருந்த பிலிமத்தலாவையின் தயவால் அரியணை ஏறினார். மதுரையோடு உறவுகொண்ட நாயக்கர் குடும்பம். கண்டி அரசர்கள் மதுரையிலிருந்து பெண்ணெடுக்கும் வழக்கம் இருந்தது. 1739இல் ஆண் வாரிசு இல்லாமல் போனபோது பட்டத்தரசியின் தம்பியே அரசரானார். அப்படித் தொடங்கியது நாயக்கர் ஆட்சி. வீட்டில் தெலுங்கும் தமிழும், சபையில் சிங்களம், வெளியே பௌத்த சமயக் காவல். இந்த வம்சத்துக் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன்தான் 1753இல் சயாம் நாட்டுப் பிக்குகளை வரவழைத்து, அற்றுப்போயிருந்த உபசம்பதா என்ற பிக்குகளின் உயர் தீட்சையை மீட்டவர். நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்களுக்கு முன்னே புத்தரின் புனித தந்தத்தை எழுந்தருளச் செய்து, இன்றைய பெரஹராவுக்கு உருக் கொடுத்தவரும் அவரே. கொட்டுகொடெல்ல வீதியில் உள்ள கதிர்காம தேவாலயத்துக்குப் போனால், இன்றும் பிராமணக் குருக்கள் முருகனுக்குப் பூசை செய்வதைக் காணலாம்.

இந்த அரசர்களுக்கு ஒன்று மட்டும் இல்லை: கடல். 1766இல் ஒல்லாந்தர் எழுதி வாங்கிய உடன்படிக்கையோடு கண்டி இராச்சியத்தின் கரையோரம் முழுவதும் கைவிட்டுப் போனது. அதற்கு முன்னரும், சயாம் பிக்குகள் வந்தது ஒல்லாந்தர் கப்பலில், மதுரை மணப்பெண்கள் வந்ததும் ஒல்லாந்தர் தயவில். மலையில் முடிசூடிய வம்சம் கடலுக்கு அயலாரையே நம்பியிருந்தது. 1796இல் கரையோரம் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பட்டத்துக்கு வந்தபோது தீவின் எல்லாத் துறைமுகங்களிலும் பறந்தது வேற்றுக் கொடி.

தலதா மாளிகை வளாகத்திலேயே பல்லே வாசல என்றொரு கட்டடம் இருக்கிறது. தாழ்ந்த ஓட்டுக் கூரை, தடித்த சுவர், நடுவே முற்றம். அரசியர் வாழ்ந்த மாளிகை இது. இப்போது தேசிய அருங்காட்சியகம். அந்த முற்றத்தில் சற்று நில்லுங்கள். பட்டத்தரசி வெங்கட ரங்கம்மாள் இங்கிருந்துதான் புறப்பட்டுப் போனார், திரும்பி வரவில்லை.

அந்தப் புறப்பாட்டுக்குக் காரணத்தையும் சொல்ல வேண்டும். வாவியும் மதிலும் இராஜகாரியம் என்ற கட்டாய உழைப்பில் எழுந்தவை. குடிகள் நொந்தார்கள், பிரதானிகள் பகைத்தார்கள். 1814இல் எஹெலேபொல என்ற பெரும் பிரதானி ஆங்கிலேயர் பக்கம் ஓடினார். அகப்பட்டவர்கள் அவர் மனைவி மக்கள். தேவாலயங்களுக்கு நடுவேயுள்ள வெளியில் பிள்ளைகளின் தலை வெட்டப்பட்டது. மூத்தவன் பயந்து பின்வாங்க, இளையவன் மத்தும பண்டா, எட்டு ஒன்பது வயதுச் சிறுவன், முன்னே வந்து கழுத்தை நீட்டினான் என்று ஊர் இன்றும் சொல்கிறது. தாயைப் போகம்பரைக் குளத்தில் அமிழ்த்திக் கொன்றார்கள். அந்தக் குளம் இப்போது இல்லை, தூர்ந்து மைதானமாகிவிட்டது. வாவியின் அழகைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது.

1815 பெப்ரவரி 14ஆம் தேதி ஆங்கிலப் படை கண்டிக்குள் நுழைந்தபோது அரண்மனை வெறுமையாய்க் கிடந்தது. அரசர் கிழக்கே, தும்பறைக்குப் போயிருந்தார். நாமும் போவோம்.

கண்டியிலிருந்து மஹியங்கனை போகும் பஸ்ஸில் ஏறுங்கள். இடப்பக்க இருக்கையோ வலப்பக்க இருக்கையோ, ஜன்னலோரம் கிடைத்தால் போதும். குண்டசாலை, திகன, பிறகு தெல்தெனிய. இப்போது நீங்கள் பார்க்கும் தெல்தெனிய புதிய ஊர். பழைய ஊர், 1985இல் திறந்த விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு அடியில் இருக்கிறது. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது பழைய கட்டடங்களின் மிச்சங்கள் தலைகாட்டும். அதைத் தாண்டிச் சாலை வளைந்து ஏறும். ஒரு பக்கம் நக்கிள்ஸ் மலைத்தொடர், மறுபக்கம் பள்ளத்தாக்கு. குளிர் காதைத் தொடும் இடத்தில் மெதமஹநுவர வரும். அரசர்களின் புகலிடமாயிருந்த ஊர்.

அதையடுத்த போமுரே கிராமத்தில், ஆராச்சி என்ற ஊர்த் தலைவர் ஒருவரின் வீட்டில், அரசரும் அரசியர் இருவரும் ஒளிந்திருந்தார்கள். பெப்ரவரி 18ஆம் தேதி அவர்களைச் சூழ்ந்தது ஆங்கிலப் படை அல்ல. எக்னெலிகொட என்ற பிரதானியின் ஆட்கள். சுவரைத் தடிகளால் இடித்தார்கள். உள்ளே புகுந்தார்கள். அரசரைக் காட்டுக் கொடியால் கட்டினார்கள். அரசியரின் காதணிகளைக் காதோடு பிய்த்தார்கள், ரத்தம் வழிந்தது. ஆங்கிலேயரின் மொழிபெயர்ப்பாளராயிருந்த தயஸ் என்பவர் தலையிட்டு அவர்களை மீட்டார், தாம் கண்டதை எழுதியும் வைத்தார். பிடிபட்ட இடத்தில் ஒரு நினைவுக்கல் நிற்கிறது. அநேகமாக நீங்கள் மட்டுமே அங்கே பார்வையாளராக இருப்பீர்கள்.

மார்ச் 2ஆம் தேதி, கண்டி அரச சபையான மகுல் மடுவவில், செதுக்கிய மரத்தூண்களுக்கு நடுவே, பிரதானிகளும் ஆங்கிலத் தேசாதிபதி பிரவுன்ரிக்கும் உடன்படிக்கையில் ஒப்பமிட்டார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் தொடர்ந்த முடியாட்சி அங்கே முடிந்தது. அரசரும் குடும்பமும் கொழும்புக் கோட்டைக்குள் ஏறத்தாழ ஓராண்டு காவலில் இருந்தார்கள்.

1816 ஜனவரி 24. கொழும்புத் துறையில் கார்ன்வாலிஸ் என்ற போர்க்கப்பல் நங்கூரமிட்டு நின்றது. பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டி 1813இல் நீரில் இறக்கியது, 74 பீரங்கிகள் கொண்டது. அரசரை வண்டியில் கொண்டுவந்தார்கள், அரசியர் பல்லக்கில் முகத்திரையோடு வந்தார்கள். காற்று பலமாயிருந்தது, படகுகள் அலையில் தத்தளித்தன. கப்பலை நெருங்கியதும் நாற்காலியில் இருத்தி, கயிற்றால் மேலே தூக்கினார்கள். பாற்கடல் வெட்டியவர், கண்டி அரசர் குலத்துக்கே எட்டாமல் போன உண்மைக் கடலில் கைதியாய்க் கால்வைத்தது அப்படித்தான்.

கொழும்பிலிருந்து சென்னை வடக்கே இருக்கிறது. ஆனால் சேதுவின் மணல் திட்டுகளைத் தாண்டி அத்தனை பெரிய கப்பல் போக முடியாது. ஆகவே தெற்கே இறங்க வேண்டும். காலி, மாத்தறை, தெய்வந்துறை முனை, அங்கே திரும்பி வங்கக் கடல். தை மாதத்து வாடைக்காற்று கரையிலிருந்து வீசும்வரை தென்மேற்குக் கடல் கப்பலுக்கு அனுகூலம். தெளிந்த காலைகளில் சிவனொளிபாதமலை கடலிலிருந்தே தெரியும், பழைய மாலுமிகளுக்கு அது வழிகாட்டி. முனையைத் திரும்பியபின் அதே வாடை எதிர்க்காற்று. பாய்மரக் கப்பல் குறுக்கும் நெடுக்குமாக அலைந்துதான் வடக்கே ஏற முடியும். இன்று விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாத தூரத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் பிடித்தது. பெப்ரவரி 22ஆம் தேதி கப்பல் சென்னையை அடைந்தது. கூடவே போன கிரான்வில் என்ற அதிகாரி அந்தப் பயணத்தைக் குறிப்பேடாக எழுதியிருக்கிறார். 

சென்னையிலிருந்து வேலூர்க் கோட்டை. திப்பு சுல்தானின் குடும்பத்தை வைத்திருந்த அதே கோட்டை. அங்கே இன்றும் ஒரு மாளிகைக்குக் கண்டி மகால் என்று பெயர். அரசர் 1832 ஜனவரி 30ஆம் தேதி காலமானார். பாலாற்றங்கரையில் அவருடைய கல்லறை, பக்கத்தில் குடும்பத்தாருடையவை. 1990இல் தமிழ்நாடு அரசு அங்கே முத்து மண்டபம் கட்டியது. அவரைக் கவிழ்த்த எஹெலேபொலவும் தப்பவில்லை. ஆங்கிலேயரே அவரைச் சிறைப்பிடித்து மொரிஷியசுக்குக் கப்பலேற்றினார்கள், அங்கேயே இறந்தார். ஆனால் அரியணை ஊர் திரும்பியது. 1934இல் இங்கிலாந்திலிருந்து வந்து, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நேயர்களே, கண்டிக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தலதா மாளிகையில் விடியற்காலை, காலை ஒன்பதரை, மாலை ஆறரை மணிக்குப் பூசை. தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும், செருப்பை வெளியே விட வேண்டும். வாவியைச் சுற்றி நடக்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அதன் பிறகு, எல்லோரும் போகும் பேராதனையோடு திரும்பிவிடாமல், ஒரு பகலை மெதமஹநுவரைக்குக் கொடுங்கள். தமிழ்நாட்டில் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் வேலூர் போகும்போது முத்து மண்டபத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நல்ல அரசரா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் இன்று கண்டியை அழகிய நகரம் என்று உலகம் சொல்வதில் பெரும்பங்கு அவர் கட்டியதற்கு உரியது. இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.