பெட்டிக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

தமிழகத்தை விட்டு வெளி மாநிலங்களில் குடியிருக்கும் நம்மவர்க்கு, எந்தப் பொருளை வாங்கும்போதும் சொந்த ஊரில் இருப்போர்க்குத் தோன்றாத ஒரு கேள்வி தோன்றுவது இயல்பு. நாளை வேறோர் ஊருக்கு மாற்றலாகிப் போக நேர்ந்தால் இப்பொருள் நம்முடன் வருமா, வந்தாலும் அங்கே பயன்படுமா என்பதே அக்கேள்வி. கட்டிலைப் பற்றியும் பீரோவைப் பற்றியும் நெடுங்காலமாக நாம் கேட்டுவந்த இதனை, இன்று கணிப்பொறியின் வெளிப்பெட்டியைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கிறது.

கொச்சி மாநகரில், கலூர் மெட்ரோ நிலையத்துக்கு நடந்து செல்லும் தொலைவில் நாம் குடியிருக்கிறோம். கோவையிலிருந்து பெங்களூருக்கும், அங்கிருந்து இவ்வூருக்குமாக இருமுறை வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றி இறக்கிய அனுபவம் நமக்கு உண்டு. நம் இல்லத்து இளைஞன் பொறியியல் பயில்கிறான். அவனுடைய படிப்புக்காக ஒரு மேசைக் கணிப்பொறி சேர்த்துக் கொடுப்பதென்று முடிவாயிற்று. ஒதுக்கிய தொகை 70,000 ரூபாய். அவன் எழுதிக் கொணர்ந்த பட்டியலில் வெளிப்பெட்டிக்கு மட்டும் 18,000 ரூபாய் என்றிருந்தது. "அப்பா, இதன் சுவர்களையும் தட்டுகளையும் வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். ஒரு முறை வாங்கிவிட்டால் இனி வாழ்நாளெல்லாம் வேறு பெட்டி வேண்டாம்" என்றான். சொல்லில் பிழையொன்றும் தெரியவில்லை. ஆயினும் கேட்டவுடனே பணத்தை எடுத்துக் கொடுக்கவும் மனம் வரவில்லை. இதனைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

கடைக்காரர்கள் கேபினட் என்று சொல்லும் இப்பெட்டி கணக்கிடுவதில்லை. எதையும் நினைவில் வைப்பதுமில்லை. மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையையும், மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் எஸ்எம்பிஎஸ்ஸையும், கிராபிக்ஸ் கார்டையும், தகவலைச் சேர்த்து வைக்கும் வட்டுகளையும் தாங்கி நிற்பதும், அவற்றின் சூட்டை வெளியேற்றுவதும், தூசி புகாமல் காப்பதுமே இதன் தொழில். இத்தொழிலைச் சாதாரணப் பெட்டியும் செய்கிறது. அங்ஙனமாயின், உறுப்பு மாற்றும் பெட்டிக்கு மும்மடங்கு விலை கொடுப்பானேன்?

இதற்கு விடை காணச் சிறிது பழங்கதை அறிய வேண்டும். 1981இல் ஐபிஎம் நிறுவனம் தன் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டபோது, பின்னர் வேறு அட்டைகளைச் செருகிக்கொள்ள ஐந்து இடங்கள் விட்டு வைத்தது. அதன் நுட்ப விவரங்களும் அச்சிலே வெளிவந்தமையால், பிற நிறுவனங்கள் அதற்குப் பொருந்தும் உறுப்புகளைச் செய்யத் தொடங்கின. 1995இல் இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் என்னும் அளவுமுறையை வகுத்தது. தாய்ப்பலகை 305 மில்லிமீட்டருக்கு 244 மில்லிமீட்டர் இருக்கலாம், திருகாணித் துளைகள் இன்ன இடங்களில் அமைய வேண்டும், பின்புறத் திறப்பு இன்ன அளவினது என்பன அதில் வரையறுக்கப்பட்டன. அன்று முதல் இன்று வரை அவ்வளவே உலகெங்கும் வழங்கி வருகிறது. பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வாங்கிய தாய்ப்பலகை, எறணாகுளம் பென்டா மேனகாவில் வாங்கிய பெட்டியில் தடையின்றி அமர்கிறது. சென்னை ரிச்சி தெருவுக்கும் டெல்லி நேரு பிளேசுக்கும் இதுவே நியாயம். ஆகவே, உறுப்பு மாற்றும் வசதி என்று எதனை நாம் புதுமையாக எண்ணுகிறோமோ, அதன் பெரும்பகுதி 6,000 ரூபாய்ப் பெட்டியிலும் ஏற்கெனவே இருக்கிறது என்பதை முதலில் உணர வேண்டும்.

நாம் வாழும் இந்நாட்டிலேயே இதற்கொரு பழைய உதாரணம் உண்டு. மலையாளத்து மர வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். பலகையும் உத்தரமும் ஒன்றோடொன்று கோத்து நிற்பவை அவை. தேவையானால் பிரித்து வேறிடத்தில் மீண்டும் பூட்டலாம். சென்னைக்கருகே முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவில், கேரளத்திலிருந்து இவ்வாறு கொண்டுவந்து எழுப்பிய வீடுகள் நிற்கின்றன. ஓர் ஆசாரி பூட்டியதை மற்றோர் ஆசாரி பிரித்துச் சேர்க்க முடிவதற்குக் காரணம், இருவரும் ஒரே தச்சு முறையை அறிந்திருப்பதுதான். இரகசியம் மரத்தில் இல்லை. பலருக்கும் தெரிந்த பொது அளவில் இருக்கிறது.

இனி விலை மிகுந்த பெட்டிகளைப் பார்ப்போம். தைவான் நாட்டுக் கூலர் மாஸ்டர் நிறுவனம் 2015இல் மாஸ்டர்கேஸ் 5 என்ற பெட்டியை வெளியிட்டது. மேல்மூடி, பக்கச் சுவர், வட்டுத் தட்டு ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கி மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் சிறப்பு. சுவீடன் நாட்டு பிராக்டல் டிசைன் 2020இல் டிபைன் 7 என்பதைக் கொணர்ந்தது. உட்சுவரை இடம் மாற்றி, ஒரு சமயம் காற்றோட்டமான வெட்டவெளியாகவும், மறு சமயம் பல வட்டுகள் அடுக்கும் அலமாரியாகவும் அதனை ஆக்கிக்கொள்ளலாம். கூடுதல் தட்டுகளைத் தனியே விற்கிறார்கள். இவை நல்ல வேலைப்பாடு கொண்டவை என்பதில் ஐயமில்லை.

ஆயினும் நுட்பமான வேறுபாடு ஒன்றுண்டு. தாய்ப்பலகையின் துளைகள் எல்லார்க்கும் பொதுவானவை. இத்தகைய பெட்டியின் தட்டும் மூடியுமோ, அதனைச் செய்த நிறுவனத்துக்கே உரியவை. அடுக்குத் தூக்கில் ஒரு கிண்ணம் காணாமற் போனால், வேறொரு தூக்கின் கிண்ணம் அதில் பொருந்துவதில்லையன்றோ? நாம் பெங்களூரில் இருந்தபோது இவ்வகைப் பெட்டி ஒன்றை ஆசையோடு வாங்கினோம். நான்காம் ஆண்டில் மேலும் இரண்டு தட்டுகள் தேவைப்பட்டன. அம்மாதிரியையே நிறுத்திவிட்டார்கள் என்று கடையில் கைவிரித்தனர். அதே வீட்டில், அதற்கும் முன்னர் வாங்கிய சாதாரணப் பெட்டியொன்று இருந்தது. அதனுள் இருமுறை தாய்ப்பலகை மாற்றியாயிற்று. அது இன்னமும் உழைக்கிறது. மாற்றுவதற்கென்றே செய்த பெட்டி மாறாமல் நின்றது. அப்படியொன்றும் சொல்லிக்கொள்ளாத பெட்டி காலத்தோடு ஒத்துப் போயிற்று.

வாழ்நாளெல்லாம் என்ற சொல்லையும் சற்று எடைபோட வேண்டும். இன்டெல் நிறுவனமே 2004இல் பிடிஎக்ஸ் என்ற வேறோர் அளவுமுறையைப் புகுத்தப் பார்த்தது. இரண்டாண்டுகளில் அதைக் கைவிட்டது. ரேசர் நிறுவனம் 2014இல், உறுப்புகளைப் புத்தகம்போல் செருகி எடுக்கும் ஒரு கணிப்பொறியைக் கண்காட்சியில் வைத்தது. அது விற்பனைக்கு வரவேயில்லை. பொது அளவு நிலைத்தாலும் உறுப்புகள் வளர்கின்றன. 2022இல் என்விடியா வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 4090 அட்டையின் நீளம் 304 மில்லிமீட்டர்; முன்புறத்தில் வட்டுக்கூடு அமைந்த பழைய பெட்டிகள் பலவற்றில் அதற்கு இடமில்லை. முன்முகத்து யூஎஸ்பி துளைகளும் காலந்தோறும் வடிவம் மாறுகின்றன. பத்தாண்டுக்குப் பின் வருவதை இன்றே விலை கொடுத்து வாங்கிவிட எவராலும் இயலாது.

அவ்வாறாயின் இப்பெட்டிகளை ஒருவருமே வாங்கலாகாதோ எனின், அங்ஙனமன்று. புகைப்படம் எடுப்பவர், படத்தொகுப்பாளர் போன்றோர்க்கு வட்டுகள் ஆண்டுதோறும் பெருகும். நீர்க்குளிர்விப்பு அமைப்போரும், உள்ளமைப்பை அடிக்கடி கலைத்து அடுக்குவோரும் உண்டு. அவர்களுக்கு இதன் பயன் நாள்தோறும் கிடைப்பதால் கூடுதல் விலை நியாயமே. அவர்களும் தமக்கு வேண்டிய உபரித் தட்டுகளைப் பெட்டியோடு சேர்த்தே வாங்கிவிடுவது நலம். பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பின் நமக்கு நேர்ந்ததே அவர்க்கும் நேரும்.

மற்றவர் கவனிக்க வேண்டியவை சில. முன்புறம் வலைபோல் திறந்திருந்து காற்று தாராளமாகப் புகவேண்டும். விசிறிகள் 120 அல்லது 140 மில்லிமீட்டர் என்னும் பொது அளவினவாயின், பழுதுபட்டால் எவ்வூரிலும் மாற்று கிடைக்கும். தூசிவடிகட்டி கழற்றிக் கழுவத்தக்கதாக இருத்தல் வேண்டும். டெல்லியிலும் ராஜஸ்தானத்திலும் வாழ்வோர்க்கு இது மிக முக்கியம். கொச்சி, மும்பை போன்ற கடற்கரை ஊர்களில் ஈரமும் உப்புக்காற்றும் தகட்டின் வெட்டு விளிம்பைத்தான் முதலில் பற்றும். பூச்சு அங்கேயும் நிறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெருமழையில் கலூர்ப் பகுதியில் நீர் தேங்குவதுண்டு. ஆதலின் கீழ்த்தளத்தில் இருப்போர் பெட்டியைத் தரையில் வைக்காமல் உயரமான இடத்தில் வைப்பது அறிவுடைமை. அடிக்கடி வீடு மாறுவோர் கண்ணாடிச் சுவரை நாடாமல் தகட்டுச் சுவரையே கொள்ளலாம். லாரியில் ஏற்றுமுன் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியே கட்ட மறவாதீர்கள். அதன் பாரம் வழிக் குலுக்கலில் தாய்ப்பலகையின் செருகுவாயை முறித்துவிடக்கூடும்.

இவற்றையெல்லாம் இளைஞனோடு அமர்ந்து பேசினோம். அவன் பட்டியலை மறுபடி பார்த்தபோது, பெட்டியின் விலைக்கு ஈடுகட்ட எஸ்எம்பிஎஸ்ஸை மட்டமானதாகவும், யூபிஎஸ்ஸை இல்லாமலேயும் அவன் விட்டிருந்தது புலப்பட்டது. கண்ணுக்குத் தெரிவதற்காகக் கண்ணுக்குத் தெரியாததைக் குறைத்துவிட்டான். அந்த எஸ்எம்பிஎஸ் பழுதானால் உள்ளிருப்பவை யாவும் கெடக்கூடும். படிப்பும் அன்றோடு தடைப்படும். 6,000 ரூபாய்ப் பெட்டியை எடுத்து, மிச்சப்பட்ட 12,000 ரூபாயை அவ்விரண்டுக்கும் பகிர்ந்தோம். அவனுக்குச் சிறிது ஏமாற்றந்தான், இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆயினும் கணிப்பொறியைத் தன் கையாலேயே பூட்டி முடித்த அன்று, அம்முகவாட்டம் நீங்கிவிட்டது.

பொருள் வாங்கும் அன்பர்கள் கடைக்காரரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "இந்த உறுப்பு உடைந்தால், வேறொருவர் செய்தது இதில் பொருந்துமா?" பொருந்தும் என்றால் கொடுக்கும் விலை நமக்கு உதவும். பொருந்தாது என்றால், அந்நிறுவனம் அம்மாதிரியைச் செய்யும் வரைதான் அந்த வசதி. ஊர் விட்டு ஊர் பெயரும் நமக்கு, போகுமிடமெல்லாம் பொருந்தும் பொருளே போதுமானது.